சட்டைக் காலரில் ஜவ்வாது

அம்மா,

உன் பீரோவை ஒழித்தபோது கிடைத்தது என்று அண்ணி இன்று ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உன் நூல் புடவைகள், வெற்றிலைப் பெட்டி, அடியில் அந்த ஜவ்வாது டப்பா. மூடியைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது. பற்றிக்கொண்டு வருகிறது.

மயிலாப்பூர் வீட்டில் அந்த மணத்துக்கு 'அப்பா வாசனை' என்றுதான் நான் பெயர் வைத்திருந்தேன். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில் வேலை முடிந்து அப்பா வந்ததும் நீ வாசலுக்கே ஓடுவாய். ஒரு சிட்டிகை ஜவ்வாதை ஈரக்கையில் குழைத்துக் காலரிலும் மார்பிலும் தடவுவாய். உள்ளே சாம்பிராணிப் புகை. நெற்றிக்கு ஓடிகொலோன் நனைத்த துணி. "அப்பாவுக்குத் தலைவலி, சத்தம் போடாதட்டி" என்பாய். புருஷன்மேல் இவளுக்குத்தான் எத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா, "இன்னாம்மா, மீன் வாங்குற வூடு கோயிலாட்டம் மணக்குது!" என்பாள். உனக்குப் பெருமை தாங்காது.

மேல்வீட்டு டீச்சரம்மாவை நினைத்துப் பார். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு, கிராம்பும் பட்டையும் போட்டு வீட்டிலேயே ஊறவைத்த திராட்சை ஒயினும் சின்னத் தம்ளரில் கொண்டுவருவார். "ஒயின்தாங்க. எங்க வீட்டுல பெரியவங்க எல்லாரும் ஒரு வாய் குடிப்போம்" என்று ஒளிக்காமல் சொல்லுவார். அவர் படியேறிய மறுநிமிஷம் அதைச் செம்பருத்திச் செடியில் கொட்டிவிட்டு, "குடிக்கிற வீட்டுச் சாமான், தொடாத" என்று தம்ளரைப் புளி போட்டுத் தேய்ப்பாய். என்ன நடிப்பு அம்மா!

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அவர் நுழைந்ததும் கூடம் முழுக்க ஜவ்வாது. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அப்பா வாசனை உள்ள மனுஷர் நல்லவராகத்தானே இருப்பார்! நீ காப்பித் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாய். உன் மூக்கு ஒரு தரம் விடைத்தது. அப்பாவைப் பார்த்தாய். பிறகு, "கோயில் குளம்னு இருக்கிற பிள்ளை போல" என்று சொல்லிக்கொண்டே காப்பியை நீட்டினாய்.

கோபாலபுரத்தில் குடிபோன முதல் வாரமே சாயம் வெளுத்துவிட்டது. வாசலில் தள்ளாடி நின்றபடி, "ஜவ்வாது எங்க? எங்கம்மா கையில வச்சிக்கிட்டு நிப்பாங்களே" என்றார். ஜவ்வாதுக்கு அடியில் அப்பாமேல் அடித்த அதே சாராய வாடை. அவர் யாரென்று புரிந்தது. அப்பா யாரென்றும் புரிந்தது. உள்ளே போய் நீ அடுக்கித் தந்த சீர்ப் பெட்டியைக் கவிழ்த்தேன். பட்டுப் புடவைகளுக்கு நடுவே வரிசையாக ஜவ்வாது டப்பாக்கள். அப்போதுதான் நீ யாரென்று புரிந்தது.

மறுநாளே ஓடிவந்து கேட்டேன். "தெரிஞ்சுதானே குடுத்தே?"

நீ அரிசி களைவதை நிறுத்தவில்லை. "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்ட்டி. ஊருக்கு நாறாம பாத்துக்கிடறதுலதான் நம்ம கெட்டிக்காரத்தனம் இருக்கு."

தெரியாமல் பாழுங்கிணற்றில் தள்ளியிருந்தால் மன்னித்திருப்பேன். நீ அந்தக் கிணற்றுக்குள்ளேயே கிடந்தவள். ஆழம் தெரிந்துதான் தள்ளினாய்.

நான் ஒரு நாளும் தடவவில்லை. அவர் வரும் வேளைக்குக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன், தெருவே மூக்கைப் பிடிக்கட்டும் என்று. "குடும்ப மானத்தைக் கப்பலேத்துறியே" என்று தலையில் அடித்துக்கொண்டாய். யார் மானம் அம்மா? குடித்தவர் மானமா, தடவியவள் மானமா? மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தார்களே, அந்த நாட்களில் அவர் ஜவ்வாதைத் தேடவே இல்லை. மறுபடி மூடியதும் தானே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். போலீஸுக்குப் பயந்து வந்த பக்தி!

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. இன்று டப்பாவைத் திறந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அசிங்கமான எதுவும் இல்லை. அப்பாவின் காலரை நீவி விடும் உன் ஈர விரல்கள்தான் வந்தன. ஒரு நொடி எனக்கு உன் மடியில் படுக்க வேண்டும்போல் இருந்தது. அதையும் நீதான் கெடுத்து வைத்திருக்கிறாய். எதை நினைத்து அழுவது, எதை நினைத்துத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே டப்பாவை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா இருக்கும்மா. இது என்ன வாசனை?"

"சாராயம்" என்றேன்.