இன்சூரன்ஸ்காரர் வந்தா

என்னங்க,

எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. நேத்து ராத்திரி மாதிரி கோவத்துல பட்டினி கெடக்காதீங்க.

பத்து மணிக்கு இன்சூரன்ஸ்காரர் வருவார். சொந்தமா பெயின்ட் வேலை எடுக்கிற எனக்கு ஸ்பிரே மெஷினும் அடுத்தவங்க வீட்டுத் தரையும் பாழானா பணம் வந்தாப் போதும்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். "நீ ஏணியிலேருந்து விழுந்தா?"ன்னு நேத்து நீங்க கேட்டதுக்கு, "வாயக் கழுவுங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன். தப்புதான். என்னையும் சேத்து எழுதச் சொல்லுங்க.

இன்னிக்குச் சின்ன ஏணிதான் கொண்டு போறேன்.

பி.கு.: கால் வீங்கினது நான் சொன்ன மாதிரி படி தடுக்கி இல்ல. நீங்க தைலம் தேய்க்கும்போதே சொல்லியிருக்கணும், வாய் வரல. நீங்க ஏணியப் பத்திக் கேக்கறப்போ நான் ஏற்கெனவே விழுந்துட்டுத்தான் வந்திருந்தேன்.