நிரஞ்சனாவின் சம்பளச் சீட்டு

பினாங்கு, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்குத் துர்காஷினி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நேற்று ஆபீசில் என்னோடு வேலை செய்யும் நிரஞ்சனாவின் சம்பளச் சீட்டு தவறி என்னிடம் வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே சமூகவியல் பட்டம், ஒரே வேலை. அவளுக்கு எண்ணூறு ரிங்கிட் அதிகம். மேனேஜரிடம் கேட்டேன். "அவங்க படிச்ச யுனிவர்சிட்டி பெரிசு லா," என்றார்.

அங்கே எனக்கும் இடம் கிடைத்தது அம்மா. உங்களிடம் மறைத்துவிட்டு, வீட்டிலிருந்தே போய்வர சிரம்பான் கல்லூரியில் சேர்ந்தேன். ரப்பர் மரங்களில் பால் வெட்டிய அலுப்பிலும் நான் பஸ் இறங்கும்வரை சாப்பிடாமல் காத்திருப்பீர்களே, அதை விட்டுப் போக மனம் வரவில்லை. கோபப்படாதீர்கள்.

மாமா இங்கு வந்தால் நெத்திலிச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம் முடிகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு நான் சாப்பிட உட்காருவேன். நீங்களும் அப்போதே உட்காருங்கள்.

துர்கா