பழுக்கப் பறித்த பெட்டிகள்

அகுமாடான்
பிப்ரவரி 3, 1991

அன்புள்ள பொமா,

நலமா? இங்கே நானும் மகள் அடோமாவும் சுகம். குமாசிச் சந்தையில் வியாபாரப் பெண்களை ஆண்டுவந்த தக்காளி ராணி இறந்துவிட்டாராமே, லாரிக்காரன் சார்போங் சொன்னான். அவருக்குத் துணையாகத்தானே அங்கே தங்கினாய்? இனி என்ன வேலை? ஈமச்சடங்கு முடிந்ததும் அதே லாரியில் ஏறி வா. மூன்று வருடமாக நான் சமைப்பதைத் தின்று பிள்ளை இளைத்துவிட்டாள்.

உன்,
ஒப்போங்

குமாசி
பிப்ரவரி 9

என் அன்பானவருக்கு,

எப்படி எழுதுவேன்? நேற்று சந்தைப் பெண்கள் என்னைப் பிடித்து ராணியின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். "எனக்குப் புருஷன் இருக்கார், புள்ள இருக்கு, விடுங்க" என்றேன். "வீடு வாசல் யாருக்குத்தான் இல்ல? லாரிய வரிசை தப்பாம உள்ள விடுறவ நீ ஒருத்திதான்டி. பேசாம உக்காரு" என்றாள் ஒரு கிழவி. அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று, வாழ்த்தித் தூவும் வெள்ளைப் பொடியை இன்னும் ஒரு பிடி என் தலையில் கொட்டினார்கள். இதில் உட்கார்ந்தவள் செத்தால்தான் எழுந்திருக்க முடியும். கோபப்படாதீர்கள்.

பொமா

அகுமாடான்
பிப்ரவரி 14

பொமா,

இரண்டு நாள் உன்மேல் வெறுப்பாகவே இருந்தது. பிறகு ஊரே வீட்டுக்கு வந்து, "சந்தை வாசல்ல உம்பொண்டாட்டி நிக்கிறா, இனி உனக்கென்னப்பா" என்றது. எனக்கும் சபலம் தட்டிவிட்டது. லாரி நாள்கணக்கில் வரிசையில் கிடக்க வேண்டுமே என்று எப்போதும் செங்காயாகத்தானே பறிப்போம்? இந்த முறை செக்கச் செவேலென்று பழுக்க விட்டுப் பறித்தேன். இந்தப் போகம் மொத்தமும் சார்போங் லாரியில் வருகிறது. முதலில் உள்ளே விட்டுவிடு. பிள்ளையின் பள்ளிக்கூடம் இதில்தான் இருக்கிறது.

ஒப்போங்

குமாசி
பிப்ரவரி 19

என் அன்பானவருக்கு,

ஒரு நாளைக்கு எட்டு லாரிதான் உள்ளே வரும். நம்முடையது முப்பத்தொன்றாவது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோதே பெட்டிகளிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, கைய லேசா அசைங்க, போதும்" என்று சார்போங் கெஞ்சினான். என் பின்னால் நாற்பது பெண்கள். அத்தனை பேர் கண்ணும் என் கைமேல். முன்னால் நின்ற முப்பது லாரியிலும் யாரோ ஒருவருடைய போகம் இருந்தது. நான் கையை அசைக்கவில்லை.

நான்காம் நாள் உள்ளே வந்த லாரியில் விற்கும்படி எதுவும் மிஞ்சவில்லை. என் கையாலேயே வாரிக் கொட்டினேன். என்னை விட்டுவிடுங்கள் என்று அன்று மாலை அவர்கள் காலில் விழுந்தேன். "இப்பத்தான்டி நீ ராணி" என்று தூக்கி மறுபடி உட்கார வைத்தார்கள்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பொமா

குமாசி
மார்ச் 2

என் அன்பானவருக்கு,

சார்போங் இரண்டு முறை வந்து போய்விட்டான். கடிதம் இல்லை என்றான். நீங்கள் எழுத வேண்டாம். அடோமாவை மட்டும் ஒரு நாள் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். முன்வரிசையில் இடம் கிடைக்கும் லாரியாகப் பார்த்து அனுப்புங்கள். அன்று நம் லாரிவரை ஓடியதிலிருந்து, சந்தை வாசலைத் தாண்டி வந்து அவளைப் பார்க்க எனக்கு அனுமதியில்லை.

பொமா