அங்கே பழகிய நாக்கு

ஜூன் 2, சனி

மழை. திங்களன்று பள்ளி திறக்கிறது. இன்னும் ஒரு கட்டுச் சீருடைப் பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைக்கவில்லை. ஈரத்தில் நூல் அறுந்து அறுந்து போகிறது. மதியம் பன்றிக்கறியைப் பொரித்துச் சோற்றோடு வைத்தேன். அன்செல்மோ தட்டைப் பார்த்துவிட்டு, "சந்தையில பாகற்காய் கிடைக்கலையா ஃபெலி?" என்று கேட்டான்.

நான் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டேன். பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு மறுபடி பிரித்தேன்.

பாகற்காயாம். அன்செல்மோவுக்கு.

ஜூன் 3, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தேன். சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் தெரியாது. பாகற்காயையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் வாரம் கோழி ரசத்தில் முருங்கைக்கீரை போட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். அவன் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டினான். "என்னைப் பார்த்தா ஆடு மாதிரி இருக்கா?" என்றான். அவன் அம்மா சிரித்தாள். அடுத்த வாரம் கத்தரிக்காய். அன்று தட்டு சுவரில் பட்டு உடைந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டு அடுப்பில் பச்சையாக எதுவும் ஏறவில்லை. மாட்டெலும்புச் சூப், பொரித்த பன்றி, வறுத்த கோழி. இருபது வருஷத்துக்கு மேல்.

பிறகு அவன் லாரி ஆல்பாய் மாகாணத்துப் பக்கம் சிமெண்ட் ஏற்றிப் போக ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை வந்தவன் மாதம் ஒருமுறை வந்தான். அப்புறம் அதுவும் இல்லை. அங்கே ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு நெனித்தா. இந்த நாட்டில் விவாகரத்துச் சட்டம் இல்லை, கல்யாணத்தை அவிழ்க்க வழி கிடையாது. புருஷன் மட்டும் அவிழ்ந்து போகலாம்.

பிப்ரவரியில் நெனித்தா செத்துப்போனாள். ஏப்ரலில் எங்கள் மகள் லிகாயா அவனைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினாள். கையில் ஒரு பை, காலில் கட்டு. சர்க்கரை வியாதியில் ஆறாத புண். "எங்க போவாரும்மா? ரோட்டுலயா?" என்றாள். நான் பின்னறையைக் கொடுத்தேன்.

கொடுத்தேன் என்று எழுதுகிறேன். மறுக்கத் தெரியவில்லை என்றல்லவா எழுதவேண்டும்.

ஜூன் 12

சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினாள். இவ்வளவு சர்க்கரை இருப்பவருக்குக் கொழுப்பையும் சோற்றையுமா போடுவீர்கள், காய்கறி கொடுங்கள் என்றாள். அன்செல்மோ ஞானி மாதிரித் தலையை ஆட்டினான். "நான் காய் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் அவளிடம்.

வரும் வழியில் நான் அவனுக்கு முன்னால் நடந்தேன்.

ஜூன் 13

சுரைக்காயைக் கூழாகும்வரை வேகவிட்டு வைத்தேன். வேண்டுமென்றேதான். ஒரு பூண்டுகூடப் போடவில்லை. முகம் சுளிப்பான் என்று பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தான்.

என் வீட்டில் அவன் தட்டு கழுவியதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 20

'அங்கே' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறான். பெயர் சொல்வதில்லை. அங்கே பூசணிக்காயைத் தோலோடு போடுவாங்க. அங்கே வாழைப்பூவை இப்படி நறுக்க மாட்டாங்க. அங்கே வெண்டைக்காயைச் சோத்துப் பானை மேலயே ஆவியில வெச்சு எடுத்துடுவாங்க.

செத்தவள் என் சமையலறையில் நின்று எனக்குக் குறை சொல்கிறாள். அவன் வெறும் வாய்.

ஜூலை 5

தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தெருவிலேயே தேங்காய்ப்பால் வாசனை. யார் வீட்டிலோ என்று நினைத்தேன். என் வீட்டில்.

அன்செல்மோ அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தான். புண் காலை லேசாகத் தூக்கிவைத்து ஒற்றைக்காலில், கொக்கு மாதிரி. சட்டியில் காய்ந்த சேம்பு இலை, தேங்காய்ப்பால், மிளகாய். ஆல்பாய்க்காரர்கள் லாயிங் என்பார்களே, அது. இலையை எங்கே வாங்கினானோ. நான் கரண்டியை எடுத்தேன். பதறிப்போய்த் தடுத்தான்.

"கிளறாத. கிளறினா தொண்டை அரிக்கும். தானா எண்ணெய் பிரியட்டும்."

அவனுடன் வாழ்ந்த காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. பிரசவம் ஆகியிருக்கிறது. ஒரு தடவை கை எலும்பு முறிந்திருக்கிறது. அப்போதெல்லாம் அவன் அம்மா சமைத்தாள், இல்லையென்றால் கடையில் வாங்கினோம், இல்லையென்றால் நானே ஒரு கையால் சமைத்தேன். இந்த மனுஷனுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் பிற்பகலில் படுத்ததும் மூடியைத் திறந்து நின்றபடியே ஒரு வாய் தின்றேன். பிறகு இன்னொரு வாய். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஜூலை 6

சட்டி ஏன் குறைந்திருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்காததும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 17

இன்று கேட்டுவிட்டேன். அவன் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"அவ எப்படி உன்னைத் தின்ன வெச்சா?"

யார் என்று கேட்டு அவன் நடிக்கவில்லை.

"அவ எங்க வெச்சா? காலைல ஆக்கி மூடி வெச்சிட்டு மீன் ஏலத்துக்குப் போயிடுவா. வேணும்னா தின்னு, இல்லேன்னா கிட. ரெண்டு நாள் வீம்புக்குப் பட்டினி கிடந்தேன். மூணாம் நாள் தின்னேன்."

"நானும்தான் ஆக்கி வெச்சேன்."

"நீ எங்க விட்ட ஃபெலி? நான் மூஞ்சியைச் சுளிச்சா போதும், ஓடிப்போய்க் கறி பொரிச்சிடுவ."

சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தான். குத்திக்காட்டும் குரல் இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற குரல்.

ஜூலை 18

ஓடினேன்தான். ஏன் ஓட மாட்டேன்? அடுப்படி வாசல்ல உங்கம்மா நின்னு பார்த்துக்கிட்டே இருப்பாளே — உடைஞ்ச தட்டை யார் பொறுக்கினது? அப்புறம் நீ போட்ட கூச்சல்ல குழந்தை பயந்து அழுததே, அதை யார் தூக்கினது? நெனித்தாவுக்கு மாமியார் உண்டா? அவளுக்கு ஏலத்துல சம்பாத்தியம். வீடு அவளோடது. வேணாம்னா வெளிய போடான்னு சொல்ல அவளால முடியும். எனக்கு யார் இருந்தா? எல்லாம் போக, இப்ப பழி என் மேல. நான் கெடுத்தேனாம். அடிச்சவன் சொல்றான், நீ ஏன் கன்னத்தைக் காட்டினன்னு.

நேற்றே இதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை. தாளில்தான் வருகிறது.

ஜூலை 19

தைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று உறைத்தது. நேற்று எழுதியதைவிட இது மோசம்.

அவன் போய்ப் பன்னிரண்டு வருஷம். மாமியாரும் செத்துவிட்டாள். லிகாயா கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒருத்திதான் இங்கே இருந்தேன். அப்போது ஏன் ஒரு கத்தரிக்காய்கூட வாங்கவில்லை? யார் தட்டை எறிந்திருப்பார்கள்? கறித் துண்டும் டப்பா மீனும் தின்றுகொண்டு கிடந்தேன். ஆள் போயும் அவன் நாக்கு இந்த அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது. நான் அதற்கு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4

சந்தையில் நானே காய் வாங்கினேன். நீளமான ஊதாக் கத்தரிக்காய். எதற்கு என்று கடைக்காரி கேட்டாள், வீட்டுக்காரருக்கா என்று. எனக்கு என்றேன். அதைச் சொல்ல ஏனோ வெட்கமாக இருந்தது.

நெருப்பில் சுட்டுத் தோலை உரித்து, தட்டையாக்கி, முட்டையில் தோய்த்துப் பொரித்தேன். ஒன்று அவனுக்கு. இரண்டு எனக்கு.

ஆகஸ்ட் 15

பாகற்காய், பூசணி, வெண்டை, காராமணிக் காய். எல்லாம் ஒரே சட்டியில், இறால் விழுதோடு. கரண்டி போடக்கூடாது, சட்டியைத்தான் குலுக்கவேண்டும் என்றான். குலுக்கினேன். காய் உடையாமல் வந்தது. பாகற்காயின் கசப்பு முதலில் தெரிகிறது, பூசணி பின்னால் வந்து அதைத் தணிக்கிறது. கடைசி வாய்க்குப் பாகற்காயை ஒதுக்கிவைத்துத் தின்றேன்.

நான் அவனிடம் கற்கிறேன். அவன் அவளிடம் கற்றான். ஆக நெனித்தாதான் எனக்கு வாத்தியார். கடவுளுக்குக் கிண்டல் அதிகம்.

ஆகஸ்ட் 29

அவன் புண் வற்றிக்கொண்டு வருகிறது. நானும் இளைத்திருக்கிறேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 19

இன்று எனக்கு அறுபது.

லிகாயா, அவள் புருஷன் ருஃபினோ, பேரப்பிள்ளைகள் இரண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆயுசு நீளட்டும் என்று நூடுல்ஸ் வாங்கிவந்தாள் லிகாயா. லாயிங் நான் செய்தேன். என் கையால், காலையிலிருந்து நின்று, கிளறாமல். ருஃபினோவே இரண்டு தடவை வாங்கித் தின்றான்; பச்சை நிறத்தைக் கண்டால் ஓடுகிற ஆள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், இருந்தது.

யாரோ கேட்டார்கள், பத்தாங்காஸில் பிறந்தவளுக்கு ஆல்பாய்ச் சமையல் எப்படி வந்தது என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அன்செல்மோ சொன்னான்: "அது நெனித்தாவோடது."

முதல் தடவையாகப் பெயரைச் சொன்னான். என் மேசையில். என் பிறந்தநாளில்.

நிறுத்தவில்லை. மழைநாளில் அவள் எப்படி இலை காயப்போடுவாள், அடுப்புக்கு மேலே கயிறு கட்டி எப்படி உலர்த்துவாள், கடைசி நாட்களில் சமைக்க முடியாமல் பாயில் படுத்தபடியே அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் — சொல்லச் சொல்லக் குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டான். குழந்தை மாதிரி, தோள் குலுங்க.

எல்லோரும் எழுந்து அவனிடம் போனார்கள். லிகாயா தோளை அணைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மா தண்ணீர் கொடுத்தாள். ருஃபினோ முதுகைத் தட்டினான். பேத்தி அவன் மடியில் தலையை வைத்தாள்.

நான் நூடுல்ஸைப் பரிமாறினேன். ஆறிப்போய்விடும்.

செப்டம்பர் 20

லிகாயாவுக்குப் போன் செய்து, உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போ என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு கத்தினாள்.

"செத்துப்போனவ மேல போய்ப் பொறாமைப்படறியாம்மா?"

"ஆமா" என்றேன்.



செப்டம்பர் 23

கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பை அதேதான். போகும்போது அவன் வாசலில் நின்று, "தேங்காய்ப்பால் அளவு உனக்குச் சரியா வருது ஃபெலி" என்றான். மன்னிப்பு என்று நினைத்துச் சொன்னானோ என்னவோ. நான் மழைநீர் வாளியை நகர்த்திக்கொண்டிருந்தேன். நகர்த்தி முடித்தேன்.

அக்டோபர் 14

மூன்றாவது ஞாயிறாக லிகாயா வரவில்லை. பூசையில் பார்த்தும் வேறு வாசல் வழியாகப் போய்விட்டாள். வியாதிக்காரனை விரட்டினவள் என்று தெருவில் பேச்சு. அவன் ஓடிப்போனபோது இந்தத் தெரு இவ்வளவு பேசவில்லை.

வள்ளைக்கீரையைப் பூண்டு போட்டு வதக்கினேன். ஒரு கட்டு முழுவதும்.

நவம்பர் 9

லிகாயா போன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. அம்மா எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை. அப்பா கடைக் கோழியைத் தொடமாட்டேன் என்கிறாராம். வேலையிலிருந்து வந்து இவருக்குத் தனியாகக் காய் சமைக்கவேண்டியிருக்கிறதாம், அதுவும் வாயில் வைக்க விளங்கவில்லையாம். லாயிங் எப்படிச் செய்கிறது, சொல்லு என்றாள். குரலில் அவ்வளவு களைப்பு. முகம் சுளித்ததும் ஓடுகிற காலின் களைப்பு. எனக்கு அது தெரியும்.

"நீ கத்துக்காத. அவருக்கே நல்லாத் தெரியும். அடுப்பு முன்னால ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வெச்சிட்டு நீ போய்ப் படு."

"அவரு முடியாதவரும்மா."

"அங்க ஆக்கினவருதானே."

வைத்துவிட்டாள்.

டிசம்பர் 25

நேற்று லிகாயா கூப்பிட்டாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும்மா, ஒன்றும் கொண்டுவராதே, எல்லாம் அப்பா சமைக்கிறார் என்று. போனேன். கையில் பாத்திரம் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸுக்குப் போவது என் வாழ்நாளில் இதுதான் முதல்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தான். புண் ஆறிவிட்டது, சற்றுத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறான். இப்போது தினமும் அவன்தான் அந்த வீட்டில் ஆக்குகிறானாம். ருஃபினோ தன் நண்பர்களைக் கூட்டிவந்து, எங்க மாமனார் கைப்பக்குவத்தைப் பாருங்கடா என்கிறான். பேரப்பிள்ளைகள் பாகற்காய்க்குச் சண்டை போடுகிறார்கள். லிகாயா முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. எனக்கு அது போதும் என்று நினைத்தேன். அப்போது அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி, "நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ இதெல்லாம் நம்ம வீட்ல கிடைக்கவே இல்லையேம்மா" என்றாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

ஆமாம், கிடைக்கவில்லை என்றேன்.

அன்செல்மோ ஒரு தட்டில் லாயிங்கும் சோறும் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். வைத்துவிட்டுப் போகவில்லை. நின்று என் முகத்தைப் பார்த்தான். ஒரு வாய் தின்றேன். மெதுவாக மென்று விழுங்கினேன்.

"உப்பு கம்மி" என்றேன்.

லிகாயா எழுந்தாள், நான் எடுத்துட்டு வரேன்ப்பா என்று. நீ உட்காரு என்றேன். அவன் திரும்பிக் காலைத் தேய்த்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு, அதே மாதிரித் தேய்த்துக்கொண்டே வந்தான். நான் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக்கொண்டேன்.

உப்பு முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. இப்போது கரித்தது. கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தேன்.