சின்னத்தாயி பேசாத மூன்று நாள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
22 பிப்ரவரி 1998, ஞாயிறு

அன்புள்ள யூனிஸுக்கு,

டொமினிக் எழுதுவது. காலைப் பூசை முடிந்து, குழந்தை லவினாவை டோரீன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இருவரும் சுகம். மஸ்கட்டில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் மற்ற நர்சுகளும் அப்படியே இருக்க மாதா துணை நிற்பாள்.

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், மார்ச் முதல் வாரத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். டெலிபோன் பூத்திலிருந்து பேசும்போது, உன் இஷ்டந்தான், இங்க நாங்க சமாளிச்சுக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே நாலு பேர் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கு வேறு எதுவும் வாயில் வராது. ஒழுங்கான பதிலை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால், இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நீ கவலைப்படுவாய்.

வீட்டு விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. லவினாவுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் அசல் உன் அப்பா. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. டோரீன் அக்காவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் நான் வகுப்புக்குப் போகும்போது தவறாமல் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். நீ அனுப்பிய பேரீச்சம்பழத்தில் பாதியை அவளே தின்றுவிட்டாள். அதை நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

சிவாஜிநகரில் துணிக்கடைக்கு மாடியில் கோவிந்தராஜன் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு உனக்குத் தெரியும். நவம்பரிலிருந்து எனக்கு அங்கே ஒரு புது பேட்ச். எல்லாரும் பிரெஞ்சு பேசுகிறவர்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த இரண்டு கன்னியாஸ்திரிகள், கல்லூரியில் சேர வந்த காங்கோ நாட்டுப் பையன்கள் மூன்று பேர், அப்புறம் ரீயூனியன் தீவிலிருந்து ஒரு பெண். அவளுக்கு முப்பது வயது இருக்கும். ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில். அதில் தேறினால்தான் சீட்டு.

பதிவேட்டில் அவள் பெயரைப் பார்த்து நான் பிரெஞ்சுக்காரப் பெயர் என்று நினைத்து, மூக்கால் 'சினத்தயே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கோவிந்தராஜன்தான் எட்டிப் பார்த்துவிட்டு, சார், இது நம்ம சின்னத்தாயி சார், எங்க பெரிம்மா பேரு சார் என்றான். உண்மைதான். நம்மைவிடக் கறுப்பு, நம் முகம், நெற்றியில் பொட்டு, ஆனால் தமிழில் ஒரு வாக்கியம் பேச வராது. கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தின தலைமுறையில் யாரோ ஒரு பெண் கரும்புத் தோட்டத்து வேலைக்காகக் கப்பலேறிப் போனாளாம். எந்த ஊரிலிருந்து என்றுகூட இவர்களுக்குத் தெரியாது.

ஜனவரி முழுக்க நான் அவர்களோடு மல்லுக்கட்டியது ஒரே பாடத்தில்தான். பிரசண்ட் பெர்ஃபெக்ட் கண்டினியூவஸ். முன்னால் எப்போதோ தொடங்கி இன்றைக்கும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிற காரியத்துக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு வினை வடிவம் இருக்கிறதே, அது. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும், 'ஐ ஹாவ் பீன் லிவிங்' வர வேண்டிய இடத்தில் ஆறு பேரும் ஒரே குரலில் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ மன்த்ஸ்' என்பார்கள். பொறுமை போய், உங்கள் மொழியில் இதை எப்படித்தான் சொல்வீர்கள் என்று கத்திவிட்டேன். பெரிய சிஸ்டர் பலகையில் எழுதி, சொல்லுக்குச் சொல் விளக்கினார். 'இரண்டு மாதமாக இங்கே இருக்கிறேன்.' அவ்வளவுதான். இருக்கிறேன் என்று சாதாரண நிகழ்காலம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாமும் அப்படித்தானே சொல்கிறோம். 'காலையிலிருந்து நிற்கிறேன்', 'மூணு வருஷமா சொல்றேன்.' இந்தத் தப்புக்காக சிவாஜிநகர் கடைப் பையன்களை நான் எத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரெஞ்சுக்காரனும் இந்தப் பக்கம் இருக்கிற நாமும், தொடங்கியது நேற்றானாலும் இன்றும் நடந்தால் அது இன்றுதான் என்று ஒரே மாதிரி நினைத்திருக்கிறோம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. டோரீன் அக்காவிடம் சொன்னேன். அவள் சாம்பாருக்குப் புளி இருக்கிறதா என்று கேட்டாள். நீ இருந்திருந்தால் காது கொடுத்துக் கேட்டிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னத்தாயிக்குத் தேர்வு நாள் பிப்ரவரி பதினொன்று என்று கடிதம் வந்தது. நானும் விடாமல் பயிற்சி கொடுத்தேன். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர், என்ன அனுபவம் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் தயார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். பாடம் கேட்டாள், எழுதினாள், வாயை மட்டும் திறக்கவில்லை. தொண்டையில் ஏதோ என்று நினைத்து, போய் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்றேன். கோவிந்தராஜன் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போய், தொண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சார், அந்தம்மா காவடி எடுக்குது, வாயக் கட்டிக்கினு இருக்குது, பூசம் முடிஞ்சாத்தான் பேசும் என்றான். ஸ்ரீராம்புரத்தில் அவன் வீட்டுப் பக்கத்து முருகன் கோயிலை அவனேதான் காட்டியிருக்கிறான். தைப்பூசம் அதே பதினொன்றாம் தேதி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு நானே போன் செய்து வேறு நாள் கேட்டேன். அன்று ஒருநாள்தான், தவறினால் ஜூனில் அடுத்த பேட்சுக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். சின்னத்தாயியை உட்கார வைத்து எனக்குத் தெரிந்த வேதாந்தத்தையெல்லாம் சொன்னேன். சாமி உன் கஷ்டம் தெரியாதவரா, ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து மறுபடி விரதம் இரு, நாங்களும் நோயாளிகளுக்குத் தவக்கால ஒருசந்தி நோன்பில் விலக்குக் கொடுக்கிறோம் என்றேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் முன்னால் இருந்த தாளை இழுத்து ஆங்கிலத்தில் எழுதினாள். அம்மாவுக்கு இந்த வருடம் நடக்க முடியவில்லையாம், வீட்டில் வேறு யாரும் இல்லையாம். அதற்குக் கீழே, 'மை ஃபேமிலி கேரீஸ் இட் சின்ஸ் த ஷிப்.' கப்பல் ஏறியதிலிருந்து எங்கள் குடும்பம் இதைச் சுமக்கிறது.

ஒரு மாதம் முழுக்க நான் சிவப்பு மையால் அடித்த அதே தப்பு. பேனா கையில்தான் இருந்தது. அதை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பூசத்தன்று காலை ஸ்ரீராம்புரம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. கடைசி நிமிடத்தில் மனம் மாறினால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு நப்பாசை. சந்துக்குள் பம்பை அடி காதைப் பிளக்கிறது. வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு நின்று காவடி எடுப்பவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வரிசையின் நடுவில் அவள் வந்தாள். நாக்கில் சின்ன வெள்ளி வேல். தோளில் மூங்கிலை வளைத்து, முழுக்கப் பூவால் மூடிய காவடி. அவர்கள் தீவில் அப்படித்தான் கட்டுவார்களாம். இங்கே யாரும் அப்படிக் கட்டிப் பார்த்ததில்லை. இது எந்த ஊரு காவடிம்மா என்று கேட்டுக்கொண்டே எல்லாரும் வழி விட்டார்கள். என்னைப் பார்த்தாள். நான் ஆட்டோவைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. கைகள் தாமாகக் குவிந்துவிட்டன. பங்குச் சாமியார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பாலை ஊற்றி, வேலை எடுத்து, திருநீறு வைத்த பிறகு அவள் வாயைத் திறந்தாள். மூன்று நாள் கழித்து வந்த முதல் சத்தம் பாட்டு. தமிழ்ப் பாட்டு, யூனிஸ். முதலில் யாருக்கும் அது தமிழ் என்றே பிடிபடவில்லை. ரகரமெல்லாம் தொண்டைக்குள் உருளுகிறது, சொற்கள் எங்கே முடிகின்றன, எங்கே தொடங்குகின்றன என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கோவிந்தராஜனின் மனைவி யசோதா உதட்டை அசைத்துப் பார்த்து, கண்டுபிடித்து, கூடவே பாட ஆரம்பித்தாள். அவளைக் கேட்டு இன்னும் ரெண்டு பேர். கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க அந்தப் பாட்டுத்தான். சின்னத்தாயி பாட்டை நிறுத்தாமலே திரும்பித் திரும்பி எல்லார் முகத்தையும் பார்த்தாள். தன் வீட்டுக்கு வெளியே இந்தச் சொற்களைத் தெரிந்த மனிதர்கள் இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை போலிருக்கிறது. எந்த ஊர் என்று தெரியாத ஒருத்தி, எந்த வருடமோ, கப்பலில் எடுத்துப்போன பாட்டு. பாடியவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். அந்த வீட்டில் மொழியே செத்துப்போனது. பாட்டு மட்டும் வாய் மாற்றி வாய் வந்து, ஸ்ரீராம்புரத்துச் சந்தில் நின்று மூச்சு விடுகிறது. நாற்பது வயதுக்குள் நான் பார்த்த அதிசயம் இது ஒன்றுதான்.

பிறகு யசோதா வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு போட்டார்கள். சீட்டுப் போனதைப் பற்றிச் சின்னத்தாயி ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. ஜூன் வரை இருந்து மறுபடி விண்ணப்பிப்பாளாம். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற 'கைவிடாதே' என்றால் என்ன என்றாள். கையைப் பிடித்திருக்கிறவர் விட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்வது என்று சொன்னேன். அவள் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டில் அதை ஒரு பூவின் பெயர் என்று நினைத்திருந்தார்களாம். முருகனுக்குப் பிடித்த ஏதோ ஒரு பூ, தங்கள் தீவில் பூக்காத பூ என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்தாளாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல நானும் லவினாவும் செபத்துக்கு முழங்கால் போட்டோம். நீ கிளம்பிப் போன நாளிலிருந்து செபத்தின் கடைசியில் அவள் சொல்கிற வரி ஒன்று உண்டு. 'சேசுவே, எங்க அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்கோங்க, ஆமென்.' மூன்று வயதில் நான் சொல்லிக் கொடுத்தது. ஒருநாள் விடாமல் சொல்கிறாள். ஓட்டைப் பல்லோடு அன்றும் சொன்னாள். பாட்டின் ஞாபகத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, ஏம்மா, அம்மான்னா யாரு என்று சும்மா கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. அம்மான்னா செபத்துல வர்றவங்க, மாதா மாதிரி என்றாள்.

அப்புறம், டெலிபோன்லயும் பேசுவாங்க என்று சேர்த்துக்கொண்டாள்.

குழந்தை தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உன்மேலும் குற்றமில்லை. நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம், அவளுடைய நல்லதுக்குத்தான் செய்தோம். ஆனால் அன்று காலையில் எதைப் பார்த்து மலைத்து நின்றேனோ, அதையே சாயங்காலம் என் வீட்டுக்குள் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் அந்த வரியை விடமாட்டாள், யூனிஸ். இன்னும் மூன்று வருடமானாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே என் பதில் இது. சமாளித்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னது பொய். கையெழுத்துப் போடாதே. ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடு. இங்கே கிடைக்கிற வேலை போதும், என் மாலை வகுப்பும் இருக்கிறது, மற்றதை வந்தபின் பேசிக்கொள்வோம். வருகிற தேதியை லவினாவிடம் சொல்லமாட்டேன். நீயே வந்து கதவைத் தட்டு. யார் என்று அவள் கேட்டால் மனசு ஒடிந்துவிடாதே. உட்கார்ந்து, அவள் தலையை உன் மடியில் வைத்துக்கொள். மீதியை அவளே தெரிந்துகொள்வாள்.

புதன்கிழமை சாம்பல் புதன். இந்தத் தவக்காலம் முழுக்க எங்கள் செபம் உனக்காகத்தான். தேவன் உன் பயணத்தில் கூடவே வந்து உன்னை வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
டொமினிக்