படகின் கனம் எந்தப் பக்கம்?

கீரமங்கலம்
புதன்கிழமை

தம்பி பிரசாந்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். துபாயில் வெயில் ஐம்பதைத் தொடுகிறதாக டி.வி.யில் சொன்னார்கள், தலையில் துணி கட்டாமல் வெளியே நிற்காதே. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்பது உனக்கே தெரியும், கேட்க வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. நம் தெரு சரவணக்குமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான், அவன் இருக்கிற இடத்திலிருந்து உன் ரூமுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரமாம், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நீ படகு இழுக்கிற டிரெய்லர் ஓட்டப் போன நாளிலிருந்து மூன்று வருடமாக அதைப்பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. டிப்ளமோ படிக்கவைத்த பிள்ளை டிரைவராகிவிட்டானே என்று ஆத்திரம். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைத்தேன், சரவணக்குமாரிடமும் அப்படித்தான். அது உன் காதுக்கும் வந்திருக்கும், அதனால்தான் வீடியோ எல்லாம் அம்மாவுக்கு மட்டும் அனுப்பினாய். இப்போது நடந்ததைக் கேள்.

மணமேல்குடி ரகுநாத் நம் கொப்பரைக் கொட்டகையில் படகு கட்டுகிறார் என்று அம்மா சொல்லியிருப்பாள். ஃபைபர் வேலைக்கு நிழல் வேண்டுமாம், கரையில் அவருக்குக் கூரை போட்ட இடமில்லை, நம் கொட்டகையும் சும்மாதான் கிடந்தது. தென்னந்தோப்புக்குள் முப்பத்தாறு அடிப் படகு வளர்வதைப் பார்க்க ஊரே வந்து போனது. எப்படிக் கடலுக்குக் கொண்டுபோவது என்று மட்டும் எஞ்சினை ஏற்றி முடிக்கிறவரை ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்று படகு தண்ணீரில் இருந்தாக வேண்டும், பாக்கி பத்து நாள். என் தேங்காய் டிரெய்லர் பன்னிரண்டு அடி, அதில் ஏற்றினால் படகில் பாதி அந்தரத்தில் நிற்கும். புதுக்கோட்டையில் பொக்லைன் ஏற்றுகிற லோபெட் லாரி கேட்டுப் பார்த்தோம், அது நம் தோப்பு முடுக்கில் திரும்பாது, பலகை மாதிரித் தட்டையாக வேறு இருந்தது. கடைசியில் கோட்டைப்பட்டினத்தில் ஒருவரிடம் படகுக்கென்றே செய்த டிரெய்லர் கிடைத்தது. நடுவில் வரிசையாக ரப்பர் உருளைகள், இரண்டு பக்கமும் மெத்தை வைத்த தாங்கிகள், பின்னால் நாலு சக்கரம். நான் அதன் அடியில் படுத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். படகின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகிற கட்டையை ஏரா என்கிறார்கள், கனம் முழுவதும் உருளைகள் வழியாக அதன்மேல்தான் நிற்க வேண்டுமாம், பக்கத்துத் தாங்கிகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். இது தெரியாமல் நான் வைக்கோல் லோடுக்குப் போடுகிற மாதிரி கயிற்றைப் போட்டு ஏறி மிதித்து இறுக்கினேன். அண்ணே, இது வைக்கோல் இல்லண்ணே, ஓடு விரிஞ்சுரும் என்று ரகுநாத் ஓடிவந்து அவிழ்த்தார்.

அப்புறம்தான் சிக்கல். டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளித்தான் தண்ணீரில் இறக்க வேண்டும், அப்படியானால் படகின் பின்பக்கம் முதலில் கடலுக்குள் போகும். ரகுநாத் ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் படகு மொத மொதக் கடல்ல எறங்கையில அணியந்தாண்ணே முன்னால போகணும், எங்க வழக்கம் என்றார். அணியம் என்றால் முன்முனை. சரி என்று படகைத் திருப்பி ஏற்றினோம், எஞ்சின் இருக்கிற பின்பக்கம் இழுக்கிற நம் டிராக்டரை ஒட்டி வந்துவிட்டது. எனக்கு அது தப்பாகவே படவில்லை, முன்னால் கனம் இருந்தால் பிடிமானம் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் கிளம்பினோம். மின்கம்பி வருகிற இடங்களில் மின்வாரிய ஆபீஸில் சொல்லி லைனை நிறுத்திவைத்தோம். அறந்தாங்கி தாண்டி ஒரு வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் எழும்பிவிட்டன. ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி கேட்கவில்லை, பக்கத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்கு வாய்க்கால். முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன், பயந்துவிட்டேன் தம்பி. எப்படியோ மெல்லப் பின்னுக்கு விட்டுச் சமதரையில் நிறுத்தினேன்.

கூடிய ஆட்கள் டிராக்டர் மூக்கில் நாலு பேரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். நம் பக்கத்தில் வழக்கமாகச் செய்கிறதுதானே, நானும் கனமான ஆளாக நாலு பேரைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் காரில் வந்த அம்மா இறங்கி வந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நம்ம பய இதத்தானங்க மூணு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கான், ஒரு தடவையாச்சும் பாருங்க என்றாள். நீ அனுப்பிய வீடியோ. மஞ்சள் சட்டை போட்டு வெள்ளைப் படகுக்குப் பக்கத்தில் நிற்கிறாய், டிரெய்லரை வண்டியில் மாட்டுகிற கொக்கியைத் தட்டிக் காட்டி, இதும்மேல மொத்தக் கனத்துல பத்துல ஒரு பங்கு நின்னாப் போதும்மா, ரொம்பக் கூடுனா இழுக்குற வண்டி மூக்கத் தூக்கும், கொறஞ்சா டிரெய்லர் வாலாட்டும் என்கிறாய். அதை ஆறு தடவை பார்த்தேன். டிராக்டர் ஏறியே பழகாத அம்மாவுக்கு எதற்கு இதெல்லாம் சொன்னாய்? அம்மாவைக் கூப்பிட்டு எனக்குத்தான் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை பேருக்கு நடுவில்.

பிறகு வேலை சுலபம். கட்டுகளைத் தளர்த்தி, அணியத்தில் வடம் போட்டுப் பின்னால் இருந்த புளியமரத்தில் கட்டிவிட்டு, டிராக்டரை அங்குலம் அங்குலமாக முன்னே எடுத்தேன். படகு நின்ற இடத்தில் நிற்க, டிரெய்லர் மட்டும் உருளைமேல் மூன்றடி முன்னால் நகர்ந்தது, எஞ்சின் கனம் சக்கரத்துப் பக்கம் போய்விட்டது. மறுபடி கட்டி அதே பாலத்தில் ஏறினேன், முன்சக்கரம் தரையிலேயே கிடந்தது. ரகுநாத் யாருண்ணே அந்தத் தம்பி, கம்பெனி ஆளா என்று கேட்டார். என் மகன், துபாயில் படகு டிரெய்லர் ஓட்டுகிறான் என்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு மணமேல்குடிக் கரையில் பின்னுக்குத் தள்ளி, அணியம் முன்னால் போக, படகு மிதந்தது. பின்னுக்குத் தள்ள மட்டும் எனக்குப் பதினோரு தடவை ஆனது.

இனி என் கேள்விகள். கொக்கியில் கனம் குறைந்தால் ஏன் வாலாட்டுகிறது, எத்தனை யோசித்தும் புரியவில்லை. ஓடிச் சூடான சக்கரத்தை உப்புத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே கிரீஸ் என்ன ஆகும், நான் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினேன், அது போதுமா? எண்பது அடிப் படகுக்கு எத்தனை சக்கரம்? பின்னுக்கு வரும்போது நீ கண்ணாடியைப் பார்ப்பாயா, படகைப் பார்ப்பாயா? அவசரமில்லை, ஆனால் படம் வரைந்து எழுது, வீடியோ அனுப்பினால் இனி என் நம்பருக்கும் அனுப்பு.

மகமாயி துணையிருப்பாள், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. வெயிலில் மோர் குடி, அம்மா கொடுத்துவிடுகிற பருப்புப்பொடியை ரூமில் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு. உறையின்மேல் உன் பெயருக்குக் கீழே படகு டிரெய்லர் ஓட்டுநர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். உறையை வாங்கும்போது சரவணக்குமார் அதைப் படிப்பான். படிக்கட்டும்.

உன் அப்பா,
வீரய்யா