கோல் வாசலில் பிடித்த அரிக்கேன் விளக்கு

தென்காசி,
தாது வருஷம் ஆடி மாதம் 29-ம் தேதி

சிரஞ்சீவி குற்றாலிங்கத்துக்கு உன் தகப்பன் நல்லக்கண்ணு ஆசீர்வதித்து எழுதுவது. ரங்கூனில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க விசுவநாதர் துணை செய்யட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உன் அம்மைக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. சாரல் இந்த வருஷம் பிந்தித்தான் வந்தது, வந்த பிறகு நன்றாகவே விழுகிறது, குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை என்கிறார்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை. நம் வயலில் நடவு முடிந்தது, பண்பொழியில் உன் தங்கை வீட்டு வயலில் இன்னும் முடியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உன் தம்பி இசக்கியப்பன் உனக்குக் கடிதம் போட்டிருப்பான், இல்லையென்றால் சீக்கிரம் போடுவான். அங்கே ஏதாவது வேலை பார்த்துக் கொடு, கப்பல் ஏறி வந்துவிடுகிறேன் என்று கேட்டிருப்பான். ஏன் வருகிறான் என்று எழுதியிருக்க மாட்டான். நீ இரக்கப்பட்டு வா என்று எழுதிவிடுவாய் என்பதால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன், பொறுமையாகப் படி. சாரல் காலத்தில் குற்றாலத்தில் கோப்பைக்கு நடக்கும் பந்தாட்டம் உனக்குத் தெரியும். பண்பொழிக்கு உன் தங்கை வடிவின் புருஷன் உச்சிமாகாளிதான் கோலில் நிற்கிறான் என்பதும், போன வருஷம் நம் தென்காசிக்காரர்கள் அவனைத் தாண்டி ஒரு பந்து போட முடியாமல் கோப்பையை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதும் நானே உனக்கு எழுதியதுதான். அந்த ஆத்திரம் ஊரில் வருஷம் முழுக்க இருந்தது. இந்த வருஷம் வைகாசியில், கோப்பை ஆட்டத்துக்கு முன்னால் பழக்கத்துக்காக ஆடுவார்களே, அந்த ஆட்டங்களில் பண்பொழி எல்லாரிடமும் தோற்றது. வடகரையிடம் தோற்றது, கடையநல்லூர் நெசவுக்காரப் பையன்களிடம் தோற்றது, செங்கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம்கூடத் தோற்றது. நேரே வருகிற பந்தை மாகாளி பழையபடி பிடிக்கிறான், பக்கத்தில் வருகிற பந்தை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதிலும் வெயில் தாழ்ந்த பிறகு அவன் மரம் மாதிரி நின்றான். தின்று கொழுத்துவிட்டான் என்றார்கள், பெண்டாட்டி முந்தானையை விட்டு வரமாட்டேன் என்கிறான் என்றார்கள், நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சு என்றுகூட யாரும் யோசிக்கவில்லை.

தென்காசி இளவட்டங்களுக்கு வைகாசி முழுக்கத் திருவிழாதான். பண்பொழி எங்கே ஆடினாலும் இவர்கள் நடந்தே போய் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு நாள் கோல் வாசலில் கோலம் போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் சந்தனமும் வைத்து, உள்ளே வரும் பந்துக்குப் பன்னீர் தெளித்து வரவேற்றார்களாம். இதற்கெல்லாம் தலைமை உன் தம்பிதான். மச்சினன் அத்தானைக் கேலி செய்கிறான், அது உள்ள முறைதானே என்று ஊரும் சிரித்தது, மாகாளியும் ஆரம்பத்தில் சிரித்தான். பண்பொழிக்காரர்களில் ஆறுமுகநயினார் அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும், போலீஸில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தோல்விக்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது. 'இது பழக்க ஆட்டம்லா, இதுல செயிச்சு என்ன ஆவப்போவுது, சாரல் விழட்டும் பாருங்க, நனைஞ்ச தரையிலதான் நம்ம மாகாளி நிப்பான்' என்று கடைத்தெருவில் நின்று சொல்வார், திருமலைக் குமாரசாமிக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் தேங்காய் உடைப்பார். நம் பையன்கள் கொளுத்துகிற வெயிலில் அவரைப் பார்த்து 'அண்ணாச்சி, சாரல் விழுந்துட்டா' என்று கேட்பதும், ஒருவன் பின்னாலிருந்து செம்புத் தண்ணீரை அவர் தலையில் தெளிப்பதுமாக இருந்தார்கள். அவர் துண்டால் துடைத்துக்கொண்டு, பாருங்கலே பாருங்க என்பார். கோபப்படமாட்டார், அத்தனை நம்பிக்கை.

கடைசிப் பழக்க ஆட்டம் தென்காசிக்கும் பண்பொழிக்கும், குற்றாலம் போகிற வழியில் உள்ள பொட்டலில் நடந்தது. பண்பொழிக்குப் போய் வடிவையும் குழந்தை பரமசிவனையும் பார்த்துவிட்டு வந்த நான் மாகாளியோடு வண்டியில் வந்து இறங்கி, அவன் ஆடுவதைப் பார்க்கலாம் என்று ஒரு ஓரமாக நின்றேன். வெளிச்சம் நன்றாகவே இருந்த நேரத்தில் இசக்கி ஒரு அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டு கோல் கம்பத்துப் பக்கம் போய் நின்றான். அதைத் தூக்கிப் பிடித்து, 'அத்தான், பந்து இங்கன வருது, கண்ணு தெரியுதா, வெளக்குக் காட்டட்டா' என்று கத்தினான். கூட்டம் உருண்டு சிரித்தது, பண்பொழிக்காரர்களிலேயே சிலர் சிரித்துவிட்டார்கள். பந்து வரும்போதெல்லாம் விளக்கை அது வருகிற பக்கம் ஆட்டினான். நான் மாகாளியின் முகத்தைப் பார்த்தேன். மற்ற கேலிக்கெல்லாம் சிரித்தவன் அன்று சிரிக்கவில்லை, ஆள் வெளிறிப்போய் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு எத்தனை பந்து போனதென்று யாரும் எண்ணவில்லை. நான் இசக்கியைக் கூப்பிட்டு அதட்டியபோது, 'வெளையாட்டுக்குத்தானப்பா, அத்தானுக்குத் தெரியாதா' என்றான்.

அன்று அந்திக்கு மாகாளி வீட்டுக்குப் போய் வடிவிடம் கேட்டது ஒரே கேள்வி. 'உன் தம்பிகிட்ட எப்பம் சொன்னே' என்று கேட்டிருக்கிறான். அவள் நான் சொல்லவே இல்லை என்று குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். அவன் நம்பவில்லை. கை நீட்டவில்லை, வையவும் இல்லை, மறுநாள் காலையில் வண்டி பூட்டி அவளையும் குழந்தையையும் நம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டான். அவள் சமையல்கட்டில் உட்கார்ந்தவள்தான், என்ன ஏது என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் உன் அம்மை மடியில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். தை மாதத்திலிருந்தே அவனுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லையாம். சின்ன வயதிலிருந்தே இருட்டில் கொஞ்சம் தடுமாறுவானாம், இப்போது பகலிலும் நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லையாம். வாய்க்காலில் கால் வைத்து விழுந்திருக்கிறான், நடந்து வரும் குழந்தையைப் பார்க்காமல் இடித்துத் தள்ளியிருக்கிறான். வெளியே சொன்னால் கோலிலிருந்து எடுத்துவிடுவார்கள், வயலையும் இவன் பார்க்க லாயக்கில்லை என்று பங்காளிகள் கை வைப்பார்கள் என்று பயந்து அவள் ஒருத்தியிடம் மட்டும் சொல்லி வாயைக் கட்டியிருக்கிறான். இசக்கி எதுவும் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் செய்தான், அது போய் அந்த இடத்திலேயே குத்தியது.

இசக்கியிடம் சொன்னபோது அவன் சட்டைகூடப் போடாமல் பண்பொழிக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன். கதவு சாத்தியிருந்தது. அத்தான் எனக்குத் தெரியாது அத்தான், அக்கா சொல்லலை அத்தான் என்று இவன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். உள்ளே இருந்து மாகாளி, 'வெளக்கு கொண்டாந்திருக்கியாலே' என்று கேட்டான், அவ்வளவுதான். நான் ஆறுமுகநயினார் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அவனை இந்த வருஷம் கோலில் நிறுத்த வேண்டாம், அவனுக்குக் கண் சரியில்லை என்று வெளிப்படையாகவே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அதெல்லாம் தென்காசிக்காரன் கட்டிவிட்ட கதை, நீங்க மாமனாரா இருந்துக்கிட்டு இதை நம்பலாமா, சாரல் விழுந்தா எல்லாம் சரியாப் போவும்' என்றார். கேலி செய்தவர்கள் ஒரு பக்கம் அவனைக் கோலுக்குள் தள்ளினார்கள், நம்பினவர்கள் இன்னொரு பக்கம் தள்ளினார்கள். உனக்கு என்னப்பா செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான் என்பது வேறு.

ஆனிக் கடைசியில் தென்காசிக்கும் பண்பொழிக்கும் கோப்பை ஆட்டம். சாரல் விழுந்துகொண்டிருந்தது, மேகம் மூடி வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. மாகாளி வந்து நின்றான். பாதி ஆட்டம் வரைக்கும் பந்து நேரே வந்ததால் பிடித்தான், பண்பொழிக்காரர்கள் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள், ஆறுமுகநயினார் அண்ணாச்சி குடையை வீசி எறிந்துவிட்டு நனைந்துகொண்டே ஆடினார். பிறகு பந்து வலது ஓரத்திலிருந்து வந்தது, கூடவே நம் ஊர் ஆள் ஒருவன் பாய்ந்து வந்தான். மாகாளி சத்தம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாய்ந்தான், பந்து எங்கே ஆள் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஆளின் முழங்கால் நெற்றியில் இடித்து, தலை போய் கம்பத்தில் மோதியது. அவன் விழுந்து கிடக்கும்போதே நம் கூட்டத்தில் எவனோ 'வெளக்கு எங்கலே, வெளக்கு எங்க' என்று கத்தினான், நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள். இசக்கி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி அவனை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டான். சேற்றோடு ரத்தம் ஓடியது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலைக் காயம் ஆறிவிடும் என்றார் டாக்டர், ஆறியும் விட்டது. கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்துப் போனார். இது அடிபட்டதால் வந்ததில்லை, பிறப்போடு வந்தது, மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இப்போது பார்க்கிறான், அந்தக் குழாயும் வரவரச் சுருங்கும், மருந்து கிடையாது என்றார். தாய் தகப்பன் சொந்தமா என்று கேட்டார். என் அக்காள் தன் சொந்தத் தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்றேன். இவன் பெண்டாட்டி சொந்தமா என்று கேட்டார். என் அக்காள் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவர், குழந்தை இருக்கிறதா, இருட்டுகிற நேரத்தில் அதைக் கவனித்துப் பாருங்கள் என்றார். நல்லவேளை, என் அக்காள் இதையெல்லாம் பார்க்க உயிரோடு இல்லை.

வடிவு யாரும் கூப்பிடாமலே பண்பொழிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவன் அவளிடம், நீ சொல்லலைன்னு இப்பம் தெரியுது என்று சொன்னானாம். இசக்கியைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லவில்லை, ஆனால் 'அவன் குரலு கேட்டா அன்னைக்கு அந்தச் சனம் சிரிச்சது காதுல நிக்குது, அவன் பேசாம இருந்தா வந்துட்டுப் போட்டும்' என்றானாம். அதனால் இசக்கி இப்போது தினமும் விடியும்போதே பண்பொழிக்குப் போய் அவன் வயலை நடவுக்குச் சேறாக்கித் தொழி உழுகிறான். மாட்டை அதட்டக்கூட வாய் திறப்பதில்லை. சத்தம் கொடுக்காமல் உழுகிற ஆளை நான் இந்த வயது வரைக்கும் பார்த்ததில்லை, மாடுகளும் குழம்பிப்போய் நிற்கின்றன, இவன் நுகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். மாகாளி வரப்பில் உட்கார்ந்திருக்கிறான், உழுகிறவன் யார் என்று அவனுக்குத் தெரியும். வடிவு இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறாள், தம்பியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆறுமுகநயினார் அண்ணாச்சி சாயங்காலம் வந்து உட்கார்ந்து, அடுத்த சாரலுக்கு நம்ம மாகாளி நிக்கத்தான் போறான் பாருங்க என்று இன்னும் சொல்கிறார். மாகாளி அவரைப் பார்த்துத் தலையாட்டுகிறான். அண்ணாச்சி கொஞ்சம் விலகி உட்கார்ந்தால், வெறும் இடத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறான்.

இசக்கி என்னிடம், அந்த வரப்புல அத்தான் உக்காந்திருக்கதப் பாக்க முடியலை, என்னைக் கப்பலேத்தி விட்டுருங்கப்பா என்று அழுதான். எனக்கு அவன் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை, இளைத்துப்போய் எலும்பும் தோலுமாக இருக்கிறான். ஆனால் அவன் ரங்கூனுக்கு வந்துவிட்டால் அந்த வயலுக்கு ஆள் யார். பங்காளிகள் இப்போதே குத்தகைக்குக் கேட்டு வந்துவிட்டார்கள். எனக்கும் முன்போல முடியவில்லை. ஆகவே மக்கா, அவனை வா என்று எழுதாதே. இடம் இல்லை என்று எழுது, பொய் சொன்ன பாவம் என்னைச் சேரட்டும். வையாமல் எழுது, உன் கடிதம் ஒன்றுதான் அவன் ஆசையாகப் பிரித்துப் படிப்பது. மாகாளிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, பந்தாட்டத்தைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் எழுதாமல் விதை, உரம், தண்ணீர் என்று கேட்டு எழுது, வடிவு வாசித்துக் காட்டுவாள்.

நீ மழையில் நனையாதே, அங்கே கலவரப் பேச்சு என்று கேள்விப்படுகிறோம், கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகாதே. மருமகளை வெந்நீர் குடிக்கச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த கண் வெளிச்சத்தோடும் இருக்க அம்மையும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிடாமல் ஒன்று செய். நேற்று வடிவு, அண்ணனுக்கு எழுதும்போது கேளுங்கப்பா என்றாள். ரங்கூனில் ரப்பர் பந்து கிடைக்குமாமே, பரமசிவனுக்கு ஒன்று அனுப்ப வேண்டுமாம். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம், மண் நிறத்தில் இருக்கட்டும், அந்தியில் உருட்டிவிட்டு அவன் எடுக்கிறானா என்று பார்க்க வேண்டும் என்றாள். கடையில் வெளிச்சத்தில் பார்த்து வாங்காதே, உள்ளே இருட்டில் வைத்துப் பார்த்து வாங்கு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தகப்பன்,
நல்லக்கண்ணு